ஆறுதலா வாங்கோ

ஒரு தீவைக் கண்ணால் பார்க்காமலேயே பதினாறு வருஷம் மற்றவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டியவள் நான். அதே தீவில் இருந்த ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தவளும் நான்தான். முதல் கதையை மட்டும் சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அது பாதிப் பொய். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

யாங்கோனில் ஆற்றை நோக்கி இறங்கும் தெரு ஒன்றில், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு புத்தர் படம், ஒரு ஜன்னல். பர்மாக்காரர்களைப் புத்தர் கோயில்களுக்கு யாத்திரை கூட்டிப்போகும் தொழில். முதலாளி பர்மாக்காரர். அவரை எல்லாரும் ஸயா என்போம். பர்மியில் வாத்தியாருக்கும் முதலாளிக்கும் அதே சொல்தான். இலங்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தீஹோ.

தொண்ணூற்று நாலில் ஸயா என்னை வேலைக்கு எடுத்தார். அங்கே வேன் ஓட்டுகிறவர் தமிழர், இங்கிலீஷ் வராது, ஸயாவுக்கும் வராது. கடிதம் எழுத ஒரு தமிழ் ஆள் வேண்டும்.

“அமா, தமிழ் எழுத வருமா?” என்று கேட்டார். அமா என்றால் அக்கா.

“வரும்.”

“நல்லா எழுதுவீங்களா?”

“அது படிக்கிறவங்க தலைவிதி.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோயிலில் சாயங்கால வகுப்பில் கற்ற தமிழ் என்னுடையது. வீட்டில் பேசியது பாதிக்குப் பாதி பர்மி கலந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தமிழ் என்றால் ஒரே தமிழ்தானே, அங்கே என்ன வேறு தமிழா இருக்கப்போகிறது என்று நினைத்தேன். என் முட்டாள்தனம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த நாளில் தீவு என்றால் எனக்குத் தெரிந்தது கியாக்தான் ஒன்றுதான். யாங்கோனிலிருந்து பஸ்ஸில் போனால் ஆற்று நடுவில் ஒரு பகோடா. படகில் ஏறிப் போகவேண்டும். ஐந்து நிமிஷத்தில் தீவை முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். இலங்கையையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், கொஞ்சம் பெரிய கியாக்தான் என்று.

அந்த நினைப்பை மாற்றியவை அவருடைய கடிதங்கள்தான். வேன் டிரைவர் வடக்கிலிருந்து வந்து நீர்கொழும்பில் குடியிருந்தார். கடிதம் போக மூன்று வாரம், வர மூன்று வாரம். நீலத் தாளில் இடம் மிச்சம் விடாமல் எழுதுவார். நான் கேட்டது எந்த ஊரில் எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று. அவர் அதோடு நிறுத்தமாட்டார்.

“அனுராதபுரத்துக்கு விடியக் காலமை போகவேணும். வெயில் ஏறினால் மணல் சுடும், உங்கட ஆக்கள் செருப்பில்லாமல் துள்ளுவினம். விடிய என்றால் குளத்தில பனி நிக்கும். வெள்ளைத் தாதுகோபம் அதுக்குள்ள இருந்து மெல்ல மெல்ல வெளிக்கும். நான் முப்பது தரம் பார்த்திட்டன், இன்னும் வானை நிப்பாட்டிப் பாக்கிறன்.”

வான் என்றால் அவருக்கு வேன், தாதுகோபம் என்றால் எங்கள் பகோடா. இதை நான் படித்தது மழைக்காலத்தில், மத்தியானம், கரண்ட் போன நேரத்தில். வெளியே தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. ஒரு சைக்கார், எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, அதற்குள்ளே படகு மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் மழை ஒழுகியது. நான் தாளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். குளம் தெரிந்தது. பனி தெரிந்தது. அதற்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று தூங்கி எழுந்த மாதிரி மேலே வந்தது. நான் கனவு காண்கிற ஜாதி இல்லை. கை நிறைய வேலை இருக்கிறவளுக்குக் கனவு எதற்கு? ஆனால் அந்தத் தீவு கேட்காமலே வந்து உட்கார்ந்தது.

பிறகு அது தினப்படி ஆகிவிட்டது. பொலன்னறுவையில் கல்லிலேயே படுத்திருக்கும் புத்தர். அவர் தலையணையில் தலை அழுந்தின குழி தெரியும் என்று எழுதியிருந்தார். கண்டிக்கு ஏறும் வழியில் எந்த வளைவில் வாந்தி வரும் என்று எழுதினார். நுவரெலியாவில் தேயிலைச் செடிகள் மலைக்குத் தலை சீவிவிட்ட மாதிரி இருக்கும் என்று எழுதினார். காலிக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்தால் கடல் காலுக்குக் கீழே வந்து வந்து போகும், ஒரு சொல்லும் பேசத் தோன்றாது என்று எழுதினார். பாதையில் பத்து இடத்தில் ஆமிக்காரர்கள் மறிப்பார்கள், கோஷ்டியோடு வருகிற காவி கட்டிய துறவியை முன் சீட்டில் உட்காரவைத்தால் சீக்கிரம் விடுவார்கள், என்னை மட்டும் இறக்கி விசாரிப்பார்கள், அதற்கு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். அதையும் சாப்பாட்டு நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

யாத்திரைக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்காருவார்கள். அரிசி வியாபாரிகள், ரிட்டயர்ட் டீச்சர்கள். “அங்கே எப்படி இருக்கும், அமா?” என்பார்கள். நான் சொல்வேன். மணல் எந்த நேரத்தில் சுடும், குரங்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்து பையைப் பிடுங்கும், மலையில் எந்த இடத்தில் குளிர் தொடங்கும். நான் சொல்லச் சொல்ல அவர்கள் கண் பாதி மூடும். எனக்கும் அப்படித்தான். ஒரு டீச்சர் கேட்டார்: “நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?”

“ஒரு தடவைகூட இல்லை.”

“பின்னே எப்படி?”

“உங்களுக்கு ஊர் வேணுமா, என் ஜாதகம் வேணுமா?”

பணிவாகப் பேச எனக்கு வராது. ஆனாலும் அவர் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த டிரைவரை நான் ஒரு தடவை நன்றாக அலைய விட்டிருக்கிறேன். முந்திரிப் பருப்புக்குப் பர்மியில் தீஹோ தயெ என்று பெயர். தயெ என்றால் மாங்காய். எங்கள் வீட்டிலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. ஒரு கோஷ்டி பெயர் கொடுக்கும்போதே, தீஹோ தயெ அந்த ஊரில்தான் அசல், கட்டாயம் வாங்கவேண்டும் என்றார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி எழுதினேன்: “எங்கள் ஆட்கள் இலங்கை மாங்காய் கேட்பார்கள். நல்லதாக வாங்கிக் கொடுக்கவும்.”

கோஷ்டி போய்த் திரும்பிய பிறகு பதில் வந்தது.

“நீங்கள் எழுதின மாங்காயைத் தேடி ஐந்து சந்தை ஏறி இறங்கினன். கறுத்தக்கொழும்பான் காட்டினன், விலாட்டுக் காட்டினன், வேற இனமும் காட்டினன். பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டிச் சிரிக்கினம். ஒரு அம்மா கையால வளைச்சு வளைச்சுக் காட்டினா. நான் இறால் எண்டு நினைச்சு இறாலும் வாங்கிக் குடுத்தன். கடைசியில கொழும்பு றோட்டில கஜு விக்கிற பொம்பிளையளைக் கண்டு எல்லாரும் ஒண்டாக் கூவினதில வான் பள்ளத்தில இறங்கப் பாத்தது. கஜுவை மாங்காய் எண்டு சொல்லுற ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன். இனி என்ர பிள்ளையளுக்கும் அது மாங்காய்தான். மற்றது, உங்கட ஆக்கள் கொண்டு வந்த அந்த ஙாப்பியின்ர மணம் இன்னும் வானுக்குள்ள நிக்குது. அதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்கோ.”

கஜு என்பது அவர்கள் ஊரில் முந்திரிப் பருப்பு, ஙாப்பி என்பது எங்கள் ஊர் அரைத்த கருவாடு. படித்துவிட்டு நான் ஆபீஸில் வாய்விட்டுச் சிரித்தேன். ஸயா பயந்துபோய் எட்டிப் பார்த்தார். என் தப்புக்கு அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் ஒரு வழியாக எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அந்த வருஷக் கோஷ்டியோடு நானும் மொழிபெயர்ப்பாளராகப் போவதாக முடிவு. டிரைவருக்கும் எழுதிவிட்டேன். புறப்பட இருபது நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரருக்கு மார்வலி வந்தது. மூன்றே நாள்தான். துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். சத்தம் போடாத மனிதர், எங்கள் வீட்டுச் சத்தம் முழுக்க நான்தான். அவர் போன பிறகு வீட்டில் யாரிடம் கத்துவது என்று தெரியாமல் நின்றேன்.

‘வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், நான் வரவில்லை’ என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். பதில் வந்தது. எப்போதும் தாள் நிறைய எழுதுகிறவர், அன்றைக்கு நாலே வரி.

“மனுசன் போன செய்தி கிடைச்சுது. யோசிக்காதேங்கோ. ஆறுதலா வாங்கோ. நான் நிக்கிறன்.”

நான் அதை ஆபீஸில் நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். காது சூடாகிவிட்டது. என் புருஷன் இவனுக்கு வெறும் மனுசன். யோசிக்க வேண்டாமாம். ஆறுதலுக்கு வரவேண்டுமாம். இவன் நிற்கிறானாம். புருஷன் செத்து இரண்டு மாசம் ஆகவில்லை, முகம் தெரியாத ஒருத்தன் ஆறுதல் தர நிற்கிறான். நாலு வருஷம் இதற்காகத்தானா குளத்தையும் பனியையும் எழுதினான்?

கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். ஸயா மேசைக்குப் போனேன்.

“அந்த டிரைவர் இனிமே வேண்டாம், ஸயா.”

“ஏன், அமா? யாத்திரைக்காரங்களுக்கு அவர்னா உசிராச்சே.”

“ஒழுக்கம் இல்லாத ஆள்.”

ஸயா என் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. ஒரு விதவை இப்படிச் சொன்னால் எந்த ஆண்தான் மேலே கேட்பான்? சாயங்காலம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அதே டிரைவரை வைத்திருந்த மற்ற இரண்டு ஆபீஸ்காரர்களிடமும் சொல்லிவிட்டார். ஒரே நாளில் அவருக்கு யாங்கோன் மூடிவிட்டது. பிறகு அவரிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன்.

எனக்கும் அந்தத் தீவு வேண்டாம் என்று வைராக்கியம். அடுத்த வருஷம் ஸயா கூப்பிட்டார், போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. பாஸ்போர்ட் காலாவதியானது, விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று செய்தேன், அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாயிருக்கிறது. மேசைக்கு முன்னால் ஆள் வந்து உட்கார்ந்தால், அதே குளத்தைச் சொன்னேன். அதே பனி. அதே வளைவு. ஆளை வெட்டிவிட்டேன், அவர் கொடுத்த ஊரை மட்டும் என்னிடமே வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் அதில் சோறு தின்றேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஸயாவுக்கு முழங்கால் போய்விட்டது. கோஷ்டியைக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. எனக்கு வயது ஐம்பத்து நாலு. புதுப் பாஸ்போர்ட் எடுத்து, பதினாலு பேரை இழுத்துக்கொண்டு, பாங்காக் வழியாக ஒரு விடியற்காலையில் அங்கே போய் இறங்கினேன்.

வேன் நீர்கொழும்பைத் தாண்டிப் போனது. ஊர்ப் பலகையைப் பார்த்ததும் நான் மூஞ்சியை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். மறுபக்கம் தென்னை மரங்கள். அவற்றுக்கு இடையில் கடல் விட்டு விட்டு மின்னியது. ஒரு மணி நேரத்தில் சிலாபம். தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். சிங்கள டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டான். எனக்குக் கொடுத்த தேநீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. நான் வாயைச் சுட்டுக்கொண்டு விழுங்கினேன். கடைக்கார அம்மா பார்த்துவிட்டு, “அம்மா, ஆறுதலா குடியுங்கோ” என்றார்.

கிளாஸ் என் கையில் அப்படியே நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“ஆறுதலா குடியுங்கோ எண்டன். வான் உங்களை விட்டிட்டுப் போகாது. யோசிக்காதேங்கோ.”

“ஆறுதலான்னா என்னாங்க?”

அந்த அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “தமிழ்தானே கதைக்கிறியள்? ஆறுதலா எண்டா… மெதுவா. அவசரப்படாமல்.”

“யோசிக்காதேங்கோன்னா?”

“கவலைப்படாதேங்கோ எண்டு. நீங்கள் எந்த ஊர்? இஞ்சேரப்பா,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார், “இந்த அம்மாவுக்கு மேல் சரியில்லைப் போல, தண்ணி கொண்டு வாங்கோ.” பிறகு என்னிடம், “என்ர மனுசன் தண்ணி கொண்டு வருவார், இதில இருங்கோ” என்றார்.

என்ர மனுசன். அந்தச் சொல்லும் இறங்கிவிட்டது. இங்கே புருஷனுக்கு மரியாதையான பெயரே அதுதான்.

தண்ணீர் வந்தது. குடித்தேன். கடைசியாக ஒன்று கேட்டேன். “நான் நிக்கிறன்னா?”

“இருக்கிறன் எண்டு. எங்கயும் போகேல்ல, இங்கதான் இருக்கிறன் எண்டு.”

வேனில் ஏறி உட்கார்ந்தேன். நாலு வரியையும் திரும்ப ஒரு தடவை மனசுக்குள் படித்தேன். உங்கள் கணவர் போன செய்தி கிடைத்தது. கவலைப்படாதீர்கள். அவசரமில்லாமல் மெதுவாக வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.

பன்னிரண்டு வருஷம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

யாத்திரை ஒன்பது நாள். கடைசி இரவு நீர்கொழும்பில் தங்கல், மறுநாள் மத்தியானம் விமானம். அவர் முகவரி எனக்கு மனப்பாடம்: மீன் சந்தைக்குப் பின் ஒழுங்கை, கிணற்றுக்கு எதிர் வீடு. அந்தச் சந்துக்கு நான் இன்னும் எட்டு நாள் போகவேண்டும். நடுவில் தீவு முழுக்கக் கிடந்தது.

அனுராதபுரத்துக்கு விடியற்காலையில் போனோம். குளத்தில் பனி நின்றது. அதிலிருந்து வெள்ளைத் தாதுகோபம் மெல்ல மெல்ல வெளித்தது. அவர் எழுதியபடியே, ஒரு சொல் கூடாமல், குறையாமல். கோஷ்டியில் வந்த அரிசி வியாபாரியின் மனைவி, “பாவம், இவங்களுக்குத் தங்கம் பூச வழியில்லையா?” என்று கேட்டார். பார்ப்பது எது, ஜன்னலோரத்தில் கண்ணை மூடிப் பார்த்தது எது என்று எனக்குப் பிரியவில்லை. முன்பே வாழ்ந்து செத்த இடத்தில் திரும்ப நடப்பது போல் இருந்தது. எட்டு மணிக்கு மணல் சுட்டது. எங்கள் ஆட்கள் துள்ளினார்கள்.

பொலன்னறுவையில் கல் புத்தரின் தலையணையில் குழி இருந்தது. கண்டி ஏற்றத்தில், அவர் சொன்ன வளைவில், எங்களோடு வந்த ஒரு டீச்சர் வாந்தி எடுத்தார். நுவரெலியாவில் மலைகள் தலை சீவி உட்கார்ந்திருந்தன. மேகம் தேயிலைக்குள் இறங்கி, பெண்களின் கூடைகளை மூடி, பிறகு திறந்து காட்டியது. ஆமிக்காரர்கள் மறித்த இடங்களில் இப்போது வெறும் டிரம்கள் நின்றன. கொழும்பு ரோட்டில் கஜு விற்கிற பெண்களைப் பார்த்ததும் பதினாலு பேரும் ஒன்றாக “தீஹோ தயெ!” என்று கூவினார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. காலிக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். கடல் காலுக்குக் கீழே வந்து வந்து போனது. ஒரு சொல்லும் பேசத் தோன்றவில்லை. ஒரு தீவை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அவனையே அதிலிருந்து தள்ளிவிட முடியும் என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்கு முழுசாக உறைத்தது.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு மீன் சந்தைக்குப் பின்னால் போனேன். கடற்கரை மணலில் பாய் விரித்து மீனைக் காயப்போட்டிருந்தார்கள். வெயில் அதன் மேல் வெள்ளியாகக் கிடந்தது. கிணறு இருந்தது. எதிர் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஒருவர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, சின்ன உருவம். என் மனசில் நான் அவரை உயரமாக வைத்திருந்தேன்.

“நான் யாங்கோன்லேருந்து வர்றேன்” என்றேன். “மாங்காய் கேட்டவ.”

துணியைப் பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். “இஞ்சேரும்! அந்த மாங்காய் அம்மா! சாகேல்லையப்பா!”

மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லாததால், புருஷன் போன துக்கத்தில் நானும் போய்விட்டேன் என்று முடிவு கட்டியிருந்தாராம். கோயிலில் எனக்கு ஒரு விளக்குக்கூட ஏற்றியிருக்கிறார். நான் அடுப்பில் போட்ட கடிதங்களுக்கு அவர் விளக்கு.

வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். அழகாகச் சொல்லத் தெரியாது, நேராகச் சொன்னேன். ஆறுதல் என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர் முதலில் விழித்தார், பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார். “ஐயோ கடவுளே! அப்ப நான் உங்களை…” என்று சொல்லி முடிக்க முடியாமல் இருமினார். அவர் மனைவி கதவில் சாய்ந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப எங்கட ஆளை அங்க என்னெண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டார்.

“ஒழுக்கம் இல்லாத ஆள்னு.”

“ஆருக்கு?”

“எங்க முதலாளிக்கு. அவர் இன்னும் ரெண்டு ஆபீஸுக்குச் சொன்னார்.”

“உங்கட ஆக்கள் வராமல் விட்டதுக்கு அடுத்த வருசம் வானை வித்தம். அந்த வானில அவர் ஒரு கீறல் விழ விட்டதில்லை. ஏன் வாறேல்ல, என்ன பிழை விட்டன் எண்டு ரெண்டு வருசம் என்னைப் போட்டு அரிச்செடுத்தவர். ஒரு சொல் விளங்காட்டி, திருப்பிக் கேட்டால் என்ன? வாய் இல்லையோ உங்களுக்கு?”

“விடப்பா” என்றார் அவர்.

“நீங்கள் சும்மா இருங்கோ. வீட்டுக்கு வந்த ஆள் எண்டு பாக்கிறன்.”

அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. நானாக இருந்தால் அந்த நாற்காலியில் உட்காரவே விட்டிருக்கமாட்டேன்.

“தப்புதாங்க” என்றேன். “மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

“என்னட்டக் கேட்டு என்ன? இங்க எங்கட ஆளை எல்லாருக்கும் தெரியும். எங்க கெடுத்தனீங்களோ, அங்க போய் மாத்திச் சொல்லுங்கோ. மூண்டு இடத்திலயும் சொல்லுங்கோ.”

சொல்கிறேன் என்றேன். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது ஒரு தேநீரும், தாளில் சுற்றிய ஒரு பொட்டலமும் கொண்டுவந்தார். பொட்டலத்தை என் மடியில் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்று சொல்லலாம். “இந்தாங்கோ, உங்கட மாங்காய்.”

ஹோட்டலுக்கு டிரைவரே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அவசரம் என்று நான் சொல்லவில்லை. படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கடிதம் மாதிரியே இருந்தது. இறங்கும்போது என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். சொன்னார். “ஆறுதலா இறங்குங்கோ.”

யாங்கோன் வந்த மறுநாளே ஸயா மேசைக்கு முன்னால் போய் நின்றேன். “அந்தத் தமிழ் டிரைவரை ஒழுக்கம் இல்லாத ஆள்னு சொன்னேனே, அது பொய்.”

“எந்த டிரைவர்?” என்றார் ஸயா.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஒரு மனிதனின் வேன் போயிருக்கிறது, இவருக்கு ஆளே நினைவில்லை. நிற்கவைத்து முழுக்கச் சொன்னேன், சொல்லுக்குச் சொல் பர்மியில் அர்த்தம் சொல்லி. ஸயா கணக்குப் புத்தகத்தை மூடினார். “நான் அன்னிக்கே கேட்டிருக்கணும், அமா” என்றார்.

“ஆமா. நானும்.”

இரண்டாவது ஆபீஸ் அடுத்த தெருவில். அந்த முதலாளி செத்துப்போய் மகன் நடத்துகிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாவிட்டாலும் கேட்டுக்கொள் என்று உட்காரவைத்துச் சொன்னேன். பயந்துபோய்க் கேட்டுக்கொண்டான். மூன்றாவது இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், “இங்கே முன்னாடி ஒரு ஆபீஸ் இருந்துச்சு, அவங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தேன்” என்றேன். “சார்ஜர் வேணுமா, ஆன்ட்டி?” என்றாள். அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மூன்று இடம் என்றால் மூன்று இடம்.

அன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதினேன். சார்ஜரையும் விடவில்லை. உங்கள் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள் என்று எழுதினேன். இனி வருகிற கோஷ்டிக்கு உங்களுக்குத் தெரிந்த வேன்காரர் யாராவது இருந்தால், நீங்களே முன் சீட்டில் இருந்து ஊர் காட்டுவதாக இருந்தால், ஸயா சம்மதம் என்றும் எழுதினேன். கடைசி வரிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கஜுவில் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுதினேன்:

“பதிலுக்கு அவசரமில்லை. ஆறுதலாகப் போடுங்கோ. நான் நிக்கிறேன்.”